பண்பாடு எவருடைய சொத்து?

பண்பாடு என்னும் சொல் எல்லார் வாயிலும் அடிபடுகின்றது. மேடை ஏறுவோர் அதனைக் கூறாது இறங்குவதில்லை. மாலை சூட்டுவோர் அதனைப் போற்றாது அமைவதில்லை. ஆயின், அப்பண்பாடு எவருடைய சொத்து என்று ஒருவர் எழுந்து கேட்பாராயின், அவையில் விடை சொல்வார் அரியர். படித்தவர் சொத்தா? பணம் படைத்தவர் சொத்தா? பொழுது புலருமுன் பெரட்டுக்களத்தில் நின்று, பேர் கூப்பிட்ட பின் வேலைக்காட்டுக்குச் செல்லும் பாட்டாளிக்கு அதில் பங்குண்டா, இல்லையா? இவ்வினாவை நாம் புதிதாகக் கிளப்பவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர், இங்கிலாந்தின் சமதர்ம அறிஞர்கள் ஏறத்தாழ இருபது ஆண்டுக்காலம் இதனையே தம்முள் வாதித்தனர். அவ்வாதத்தைப் பற்றிய நம் அபிப்பிராயத்தை வாசகர்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இங்கிலாந்தில் நடந்த வாதத்தால் தோட்டத்துத் தமிழனுக்கு ஆவதென்ன என்று கேட்பாரும் உளர். ஆவது உண்டு. அதனை இறுதியிற் கூறுவோம். முதற்கண் வாதத்தின் வரலாற்றைக் காண்போம்.

இவ்வாதத்தின் ஒரு முனையில் நிற்பவர்கள் ஜெர்மானியர் இருவர்: தியோடர் அடோர்னோ, மாக்ஸ் ஹோர்க்ஹைமர். 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், பிராங்க்பர்ட் நகரில் ஹோர்க்ஹைமர் தலைமையில் இயங்கிய சமூக ஆராய்ச்சிக் கழகம் மூடப்பட்டது. நாடு துறந்த இருவரும் பின்னர் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடைந்தனர். சினிமாப் படங்கள் உற்பத்தியாகும் ஹாலிவுட்டின் அண்மையில் அமர்ந்து அவர்கள் எழுதிய ‘அறிவொளியின் முரணியக்கம்’ என்னும் நூல், 1944-இல் தட்டச்சுப் படிகளாகவும், 1947-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் அச்சு நூலாகவும் வெளிவந்தது. அதன் ஓர் இயல் ‘பண்பாட்டுத் தொழில்’ என்பதைப் பற்றியது.

அவ்வியலின் சாரம் வருமாறு: முதலாளித்துவ சமுதாயத்தில் சினிமா, ரேடியோ, பத்திரிகை யாவும் ஓர் ஆலையிற் செய்த சரக்குகளைப் போன்றவை. ஒரு படத்துக்கும் மறு படத்துக்கும் மேற்பூச்சில் வேற்றுமை உண்டேயன்றி உட்பொருளில் இல்லை. பகலெல்லாம் இயந்திரத்தின்முன் நின்று அலுத்தவன் இரவில் இளைப்பாற நாடும் கேளிக்கையும், அவ்வியந்திர வேலையின் தாளத்தையே அவனுக்கு மறுபடியும் ஊட்டுகின்றது. சிரித்து மகிழ்ந்தவன் மறுநாள் முணுமுணுப்பின்றி வேலைக்குச் செல்வான். முதலாளிக்கு வேண்டுவதும் அதுவே. இதனை ‘மக்கட் பண்பாடு’ என்னாது ‘பண்பாட்டுத் தொழில்’ என்று அவர்கள் பெயரிட்டதற்கும் காரணமுண்டு. இது மக்களிடமிருந்து தானாகத் தோன்றியதன்று, மேலிருந்து அவர்கள்மீது இறக்கப்படுவது என்பதை அப்பெயரே காட்டவேண்டும் என்பது அவர்தம் கருத்து. பிற்காலத்தில் அடோர்னோவே இதனை விளக்கியுள்ளார்.

இக்கூற்றில் உண்மை பெரிதும் உண்டு. சரக்கு விற்பவனின் உள்ளத்தை இவர்கள் நன்றாகவே அளந்துள்ளனர். வாங்குபவனின் உள்ளத்தை அளந்தனரா? இங்கேதான் நமக்கு ஐயம் பிறக்கின்றது. முன்னொரு சமயம் ஒரு தோட்டத்துப் படிப்பகக் கூட்டத்தில், சினிமாப் பாட்டுக்கள் நம் தொழிலாளரைக் கெடுத்துவிட்டன என்று நாம் ஆவேசமாகப் பேசினோம். கூட்டம் முடிந்தபின், பால்மரம் சீவியே முதுமையடைந்த தாயொருவர் நம்மிடம் வந்து, “கிராணி ஐயா, அந்தப் பாட்டையெல்லாம் வேலைக்காட்டில் நாங்கள் எப்படி மாற்றிப் பாடுவோம், தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது என்றோம். மெட்டு சினிமாவினுடையது, சொல் அவர்களுடையது. அச்சொல்லில் அடிபட்டவர் கங்காணிமாரும் கிராணிமாரும் என்பதைப் பின்னர் அறிந்தோம். ஒரு கேலிப் பாட்டினால் முதலாளித்துவம் வீழ்ந்துவிடாது, மெய்தான். ஆயினும், மேலிருந்து இறங்கிய சரக்கைக் கீழிருப்போர் அப்படியே விழுங்கிவிடுவதில்லை என்பதற்கு அது சான்றன்றோ? ஜெர்மன் அறிஞர்களின் கணக்கில் இத்தகைய சான்றுக்கு இடம் மிகக் குறைவு.

இங்கிலாந்திலோ வாதம் வேறு வழியாகத் தொடங்கிற்று. 1948-இல் டி. எஸ். எலியட் என்னும் புகழ்பெற்ற கவிஞர், பண்பாட்டுக்கு இலக்கணம் கூற முற்பட்டு ஒரு நூல் வெளியிட்டார். உயர்ந்த பண்பாடு நிலைக்க வேண்டுமாயின் வகுப்பு வேற்றுமையும், வழிவழி வந்த உயர்குடிகளும் இருந்தே தீரவேண்டும் என்பது அவர் கொள்கை. எல்லார்க்கும் கல்வி வழங்க விரைந்தால் கல்வியின் தரமே தாழ்ந்துவிடும் என்றும் அவர் அஞ்சினார். பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் வாதத்தை நாம் நம் சமூகத்திலும் கேட்டுப் பழகியவர்கள். ஆள் அதே ஆள்; உடுப்புத்தான் வேறு.

எலியட்டைப் போன்றாரின் கொள்கைக்கு மாறாக எழுந்தவர்களுள் மூவர் தலையாயவர்: ரிச்சர்ட் ஹொகார்ட், ரேமண்ட் வில்லியம்ஸ், எட்வர்ட் தாம்சன். மூவரும் போர்க்களம் கண்டு மீண்டவர்கள். மூவரும் போருக்குப் பின், பல்கலைக்கழக மதிலுக்கு வெளியே, வளர்ந்தோர்க்கு மாலை வகுப்பு நடத்திய ஆசிரியர்கள். ஹொகார்ட் ஹல் நகரிலிருந்தும், வில்லியம்ஸ் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் சார்பில் சஸெக்ஸ் பகுதியிலும், தாம்சன் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் சார்பில் யார்க்ஷயரிலும் பல ஆண்டுகள் இத்தொண்டு புரிந்தனர். இஃது அற்ப விஷயமன்று. பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்து எதிரில் அமர்ந்து, “நீர் சொல்வது எங்கள் வாழ்க்கைக்குப் பொருந்தாது” என்று மறுத்துரைக்க வல்ல மாணவர்முன், பாட்டாளியை ஏதுமறியாக் கூட்டம் என்று சொல்லித் தப்ப இயலாது. இம்மூவர் நூல்களின் உயிர்ப்புக்கு இவ்வகுப்புகளே ஊற்று என்பது நம் துணிபு.

ஹொகார்ட், லீட்ஸ் நகரின் ஏழைத் தொழிலாளர் பகுதியில், பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். 1957-இல் வெளிவந்த ‘எழுத்தறிவின் பயன்கள்’ என்னும் அவர் நூலின் முற்பாதி, அம்மக்களின் வீடு, அடுப்பங்கரை, பேச்சு, பாட்டு, அண்டை அயலாரிடை நிலவிய ஒப்புரவு ஆகியவற்றை உடன்வாழ்ந்தவரின் கண்கொண்டு வரைகின்றது. பிற்பாதி, மலிவுப் பத்திரிகைகளும் பளபளப்பான கேளிக்கைகளும் அவ்வாழ்வை அரித்துவருவது கண்டு வருந்துகின்றது. முற்பாதியில் மக்களை உறவினராகக் கண்டவர் பிற்பாதியில் அவர்களை ஏமாளிகளாகக் காண்கிறார் என்று குறைகூற இடமுண்டு. ஆயினும், உபகாரச் சம்பளம் பெற்றுப் படித்த தொழிலாளி மகனைப் பற்றி அவர் எழுதியுள்ள பகுதி ஒன்றே அந்நூலை நிலைநிறுத்தப் போதும். அவன் படிக்கப் படிக்க வீட்டாரிடமிருந்து விலகுகிறான். சென்று சேர்ந்த இடத்திலும் ஒட்டுவதில்லை. ஆங்கிலப் பாடசாலையிற் படித்து ஆபீஸ் நாற்காலியில் அமர்ந்த நம்மனோர், அப்பகுதியைக் கூச்சமின்றிப் படித்து முடித்தல் அரிது.

வில்லியம்ஸ், வேல்ஸ் எல்லைப்புறத்துச் சிற்றூர் ஒன்றில் ரயில்வே சிக்னல் தொழிலாளிக்கு மகனாகப் பிறந்தவர். 1958-இல் வெளியான ‘பண்பாடும் சமுதாயமும்’ என்னும் நூலில், தொழில், ஜனநாயகம், வகுப்பு, கலை, பண்பாடு என்னும் ஐந்து சொற்களை எடுத்துக்கொண்டு, 1780 முதல் 1950 வரை அவற்றின் பொருள் எங்ஙனம் மாறிற்று என்று ஆராய்ந்தார். ஆலைத் தொழில் பெருகியதோடு இச்சொற்களும் உருமாறின என்று காட்டினார். அவர் கண்ட முடிபுகளுள் நமக்கு முதன்மையானது ஒன்று. எவனும் தன்னையோ தன் சுற்றத்தாரையோ ‘வெகுஜனம்’ என்று எண்ணுவதில்லை. தான் அறியாத பிறரையே அப்பெயரால் ஒதுக்குகிறான். ஆகவே அச்சொல், பார்க்கப்படுவோரைக் காட்டிலும் பார்ப்போரைப் பற்றியே நமக்கு மிகுதியாக அறிவிக்கின்றது.

அதே ஆண்டில் அவர் எழுதிய கட்டுரையொன்றில் கேம்பிரிட்ஜ் நகரத்துத் தேநீர்க் கடையொன்று வருகின்றது. பல்கலைக்கழகம் தம்மை நெருக்கவில்லை என்றும், அக்கடையில் அமர்ந்து, நடையுடை பாவனைகளின் நாசுக்கையே பண்பாடு என்று எண்ணியிருந்தவர்களே தமக்கு ஒவ்வாதவராய்த் தோன்றினர் என்றும் அவர் கூறுகிறார். பண்பாடு சிலர் பூணும் அணிகலனன்று. எல்லா மக்களிடத்தும் அன்றாடம் ஆக்கப்படுவது என்பது அக்கட்டுரையின் கொள்கை. எலியட்டுக்கு இதனினும் நேரான விடை வேண்டியதில்லை. அத்தேநீர்க் கடையை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். நாம் மீண்டும் அங்கே செல்லவேண்டியிருக்கும்.

அக்காலத்தில் இங்கிலாந்தில் மற்றொரு பேச்சும் வலுத்தது. தொழிலாளியின் கூலி உயர்ந்துவிட்டது. அவன் வீட்டில் டெலிவிஷனும் சலவை இயந்திரமும் வந்துவிட்டன. முதலாளித்துவம் பழைய முதலாளித்துவமன்று. இனி வகுப்புப் போராட்டம் எதற்கு என்று தொழிற்கட்சியினரிலேயே பலர் கூறலாயினர். அந்தோணி குரோஸ்லாந்து 1956-இல் எழுதிய ‘சமதர்மத்தின் எதிர்காலம்’ இக்கருத்தினர்க்குப் பெருந்துணையாயிற்று. 1959-இல் தொழிற்கட்சி தொடர்ந்து மூன்றாம் முறையாகத் தேர்தலில் தோற்றபொழுது, பொருள் பெருகிய தொழிலாளி கட்சியைக் கைவிட்டான் என்றே பலரும் பழித்தனர். சலவை இயந்திரம் வாங்கியவன் தன் வகுப்பை விற்றுவிட்டவனாகான் என்று வில்லியம்ஸ் போன்றார் மறுத்தனர். அம்மறுப்பு சரியானதே. உழைக்கிறவன் நல்ல பண்டம் வைத்திருத்தல் குற்றமாயின், வறுமையையே பண்பாடாகக் கொள்ள வேண்டிவரும்.

தாம்சன் பொதுவுடைமைக் கட்சியில் இருந்தவர். 1956-இல் ஸ்டாலின் காலத்துக் கொடுமைகளைக் குருஷ்சேவ் வெளிப்படுத்தியதும், அவ்வாண்டின் இறுதியில் சோவியத் படை ஹங்கேரியை நசுக்கியதும் அவரைக் கட்சியினின்றும் விலகச் செய்தன. அதே வேளையில் இங்கிலாந்து எகிப்தின் சூயஸ் கால்வாய்மீது படையெடுத்தது. மாஸ்கோவையும் ஏற்க மனமின்றி, லண்டனையும் ஏற்க மனமின்றி நின்றோர் பலர் ஒன்றுகூடினர். அவர்தம் இரண்டு பத்திரிகைகள் இணைந்து 1960-இல் ‘நியூ லெஃப்ட் ரிவ்யூ’ தோன்றிற்று. அதன் முதல் ஆசிரியர், ஜமைக்காத் தீவினின்றும் ஆக்ஸ்போர்டுக்குப் படிக்க வந்த ஸ்டூவர்ட் ஹால்.

அப்பத்திரிகையில்தான் 1961-இல் தாம்சன், வில்லியம்ஸின் ‘நெடும் புரட்சி’ என்னும் நூலை விமர்சித்தார். பண்பாடு என்பது முழு வாழ்க்கைமுறை என்று கூறி நிறுத்துதல் சாலாது. அவ்வாழ்க்கையில் யார் யாரோடு மோதினர், யார் வென்றனர், யார் வீழ்ந்தனர் என்பது அதில் மறைந்துவிடும். பண்பாட்டினுள் போராட்டமும் அடங்கும் என்பது அவர் எழுப்பிய தடை. நண்பரின் நூலென்று பாராது கூறிய இத்தடை நியாயமானதே என்போம். தடை கூறியதோடு அவர் நிற்கவுமில்லை. 1963-இல் ‘ஆங்கிலத் தொழிலாளி வகுப்பின் உருவாக்கம்’ என்னும் எண்ணூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நூலை எழுதி, இயந்திரத்தால் வாழ்விழந்த கைத்தறி நெசவாளர் முதலானோரை வரலாற்றில் மீண்டும் பேசவைத்தார். தொழிலாளி வகுப்பு ஆலையில் வார்க்கப்பட்ட பொருளன்று, அது தன்னைத் தானே ஆக்கிக்கொண்டது என்பதே அந்நூலின் உயிர்நிலை.

தாம்சனின் இக்கண்ணாடியை அணிந்துகொண்டு நம் பக்கத்து வரலாறு ஒன்றைப் பார்ப்போம். 1941-இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தமிழர் வேலைநிறுத்தம் செய்தனர். சர்க்கார் பட்டாளத்தை வரவழைத்து அடக்கிற்று. அவர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டுமன்று. பிள்ளைகட்குத் தக்க கல்வி வேண்டும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும், பெண்டிர்க்கு இழைக்கும் இழிவு ஒழிய வேண்டும், துரைமார் எதிர்ப்பட்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் தொலைய வேண்டும் என்றெல்லாம் கேட்டனர். துரைமார்முன் மட்டுமா? ஆசிய உத்தியோகஸ்தர்முன்னும் இறங்கமாட்டோம் என்றனர். அவ்வுத்தியோகஸ்தருள் நம் நாற்காலியில் நமக்கு முன் அமர்ந்திருந்த கிராணிமாரும் அடங்குவர். கூலியோடு மானத்தையும் சேர்த்துக் கேட்டவர்களைப் பண்பாடற்றவர் என்று கூற எவர்க்கு நாவெழும்?

நிற்க. இனி, நாம் முதலில் ஒத்திவைத்த விடைக்கு வருவோம். ஆங்கில அறிஞர்கள் எழுதிய இக்கணக்குப் புத்தகத்தை ஒரு கிராணியின் கண்கொண்டு புரட்டிப் பார்க்கையில், அதில் ஒரு பக்கம் விடுபட்டிருக்கக் காண்கிறோம். 1948 ஜூலை 5-ஆம் நாள் தொழிற்கட்சி சர்க்கார் தன் நாட்டு மக்கள் யாவர்க்கும் இலவச வைத்தியம் வழங்கத் தொடங்கிற்று. அதற்கு ஒரு மாதம் முழுதும் செல்லாமுன், ஜூன் மாதத்தில், அதே சர்க்காரின் ஆட்சிக்குட்பட்ட மலாயாவில் அவசரகாலம் பிரகடனமாயிற்று. அது 1960 வரை நீடித்தது. மலாயாவின் ரப்பரும் ஈயமும் ஈட்டித் தந்த அமெரிக்க டாலர், போரினால் கடன்பட்டுக் கிடந்த இங்கிலாந்தின் நாணயத்தைத் தாங்கிய தூண்களுள் ஒன்று. ஆகவே, அந்நாட்டுத் தொழிலாளி பெற்ற நல்வாழ்வைப் பற்றிய வாதத்தில், பால்மரம் சீவியவர்க்கும் ஓரிடம் உண்டு. ஹொகார்ட்டின் நூல் வெளிவந்த 1957-ஆம் ஆண்டிலேதான் மலாயா சுதந்திரம் பெற்றது. ஆயினும் அந்நூலிலும், ‘பண்பாடும் சமுதாயமும்’ என்னும் நூலிலும் இத்தோட்டங்களைத் தேடினால் கிடைப்பதில்லை.

இவ்வாறு கூறுவதால் நாம் அவர்களைப் பழிப்பதாக எண்ணற்க. சூயஸ் படையெடுப்பை அவர்கள் கண்டித்தவர்கள். தாம்சனின் தந்தையார் வங்காளத்தில் பாங்குரா என்னும் ஊரில் ஆசிரியத் தொண்டாற்றித் தாகூரின் நட்பைப் பெற்றவர். தாம்சனும் தம் பெருநூலின் முன்னுரையில், இங்கிலாந்தில் தோற்ற இலட்சியங்கள் ஆசியாவிலோ ஆப்பிரிக்காவிலோ வெற்றிபெறக் கூடும் என்னும் நம்பிக்கையைத் தெரிவித்துள்ளார். வில்லியம்ஸும் 1973-இல் வெளியிட்ட ‘நாட்டுப்புறமும் நகரமும்’ என்னும் நூலின் பிற்பகுதியில், ஏகாதிபத்திய நாடுகள் நகரமாகவும் குடியேற்ற நாடுகள் அதற்குத் தீனி போடும் நாட்டுப்புறமாகவும் ஆயின என்று எழுதி, தம் பழைய கணக்கைத் தாமே திருத்திக்கொண்டார். தவற்றைத் திருத்தும் அறிஞரே நமக்கு ஆசிரியர்.

அப்பக்கத்தை இன்னும் வெளிப்படையாக எழுதியவர் ஹால். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் 1964-இல் ஹொகார்ட் நிறுவிய பண்பாட்டு ஆராய்ச்சி நிலையத்தைப் பின்னர்த் தலைமையேற்று நடத்தியவரும் அவரே. 1991-இல் அச்சேறிய சொற்பொழிவொன்றில் அவர் எளியதொரு வினாவை எழுப்பினார். ஆங்கிலேயனை ஆங்கிலேயனாகக் காட்டுவது அவன் பருகும் தேநீர் என்கிறார்களே. இங்கிலாந்தில் தேயிலைத் தோட்டம் எங்கேயுள்ளது? தேயிலை வந்தது இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும்; அந்த அயல் வரலாறின்றி ஆங்கிலேயரின் சொந்த வரலாறே இல்லை என்று அவர் விளக்கினார்.

வாசகர்களே, இப்பொழுது கேம்பிரிட்ஜ் நகரத்துத் தேநீர்க் கடைக்குத் திரும்புவோம். 1958-இல் வில்லியம்ஸ் அக்கடையில் அமர்ந்திருந்தோரின் செருக்கைக் கண்டார். கோப்பையினுள் இருந்ததைக் காணவில்லை. இலங்கை மலைநாட்டில் கொழுந்து கிள்ளிய தமிழ்ப் பெண்களின் உழைப்பு அத்தகைய கோப்பைகளில் நிறைந்திருந்தது. அவர்களுள் மிகப் பலரை, 1948-இல் சுதந்திர இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியிருந்தது. பண்பாடு எல்லார்க்கும் உரியது என்று பேசிய மேசையின்மீதே, பெயரற்றோர் பறித்த இலை கொதித்துக்கொண்டிருந்தது.

ஆகவே நம் முடிபு இது. பண்பாட்டைச் சரக்காக்கி விற்போரைப் பற்றி ஜெர்மானியர் விடுத்த எச்சரிக்கையை நாம் மறத்தலாகாது. அவர்கள் காலத்துச் சினிமாவும் ரேடியோவும் இன்று ஒவ்வொருவர் கைக்குள்ளும் புகுந்துவிட்டன. ஆனால் அதனைக் காரணங்காட்டிப் பாட்டாளியை ஏமாளி என்று ஏசுதலும் ஆகாது. மக்களைக் கூட்டமாகக் காணும் நோய் துரைமார்க்கு மட்டும் உரியதன்று. சீர்திருத்தம் பேசும் நமக்கும், குறிப்பாக ஆங்கிலம் படித்த கிராணிமார்க்கும் அது உண்டு. செக்ரோலில் ஒவ்வொருவர் பெயரையும் எழுதுகிறோம். எழுதிய அன்றே மறந்துவிடுகிறோம். அவர்க்கு நாம் பண்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்று எண்ணுகிறோம். அவரிடம் இருப்பது யாது என்று கேட்பதில்லை.

அத்தாய் நம்மிடம் வினவிய நாள்முதல் நாம் ஒரு நோட்டுப்புத்தகம் வைத்திருக்கிறோம். அவரும் அவர் தோழியரும் பாடியவை, எந்த வேலைநிறுத்தத்தில் யார் முன்னின்றார், எந்த லயத்தில் யார் பிள்ளைகளைக் கூட்டி எழுத்துச் சொல்லிக் கொடுத்தார் என்பவற்றை, சொன்னவர் பெயரோடு அதில் எழுதி வருகிறோம். பக்கங்கள் இன்னும் சொற்பமே. சொல்ல வல்லவர்களோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். தோட்டத்திலும் நகரத்திலும் உள்ள நம் இளைஞர்கள் தத்தம் வீட்டு முதியவரிடம் அமர்ந்து, கேட்டதைக் கேட்டபடி எழுதத் தொடங்குவார்களாயின், விடுபட்ட அப்பக்கம் நிறையும். ஹாலும் வில்லியம்ஸும் அதற்கு வழிகாட்டினர். எழுதவேண்டியவர் நாமே.